உத்தரவாதம் அவன் பெயரில்

நூறு கிலோ இருக்கும். அதனால்தான் விட்டுப்போனான்.
மற்றதெல்லாம் ஒரே வண்டியில் போய்ச்சேர்ந்தன,
படகு மோட்டார், இரண்டு நாற்காலி, நாயும்கூட.
நீலப் பீங்கான் வயிற்றோடு
இது மட்டும் பின்பக்க மரத்தளத்தில்
மஹோன் விரிகுடாவைப் பார்த்தபடி
உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான்.

ஏப்ரலில் மூடியைத் தூக்கினேன்.
உள்ளே யாரோ பூனைக்குட்டி வளர்த்தமாதிரி ரோமம்.
வெள்ளையும் சாம்பல்பச்சையுமாய்ப் பூஞ்சணம்,
கம்பித்தட்டில் தொடங்கிச் சுவர்முழுக்க.
பனிக்காலத்துக்கென்று
மேல்வாய் கீழ்வாய் இரண்டையும் அடைத்து
உறையும் போட்டுக் கயிறும் கட்டியிருந்தேன்.
பத்திரம் என்று நினைப்பு.

இரும்புக்கடை ஹெய்டி கார்க்கம் சொன்னாள்:
"சோப்பைக் கண்ணில் காட்டாதே, பீங்கான் குடித்துவிடும்.
அப்புறம் வருஷம் முழுக்கக் கோழியில் நுரைவாசம்.
எரி. ஆறவிடு. சுரண்டு."

எரித்தேன்.
உள்ளங்கை அகலக் கரிகள் அடியில்,
பொடிசுகள் மேலே,
கீழ்க்கதவு முழுசாய்த் திறந்து,
முள் முந்நூறைத் தொட்டு அங்கேயே நிற்க ஒரு மணிநேரம்.
உறுமல் கேட்டு அடுத்தவீட்டு ஸ்வைக்கர் எட்டிப்பார்த்தார்.
மூடியை விரல்கடை தூக்கி, நிறுத்தி,
அது ஏப்பம் விட்டபிறகுதான் மீதியைத் திறக்கவேண்டும்.
தெரியும்.
தெரிந்தும் போன கோடையில்
இடது புருவத்தைக் கொடுத்தவள் நான்.

விளிம்புக் கம்பளிப்பட்டைக்கு இரண்டு மாலை பிடித்தது.
கருகியது சுலபமாய் உரிந்தது,
அதன் அடியில் அவன் பூசிய பசைதான்
கத்திக்கும் அசையவில்லை.
எதையும் அளவுக்குமீறி ஒட்டுகிறவன்,
ஆட்களைத் தவிர.
புதுப்பட்டையை இழுக்காமல் அழுத்தினேன்.
இழுத்து ஒட்டினால் சூட்டில் சுருங்கி வாய்பிளக்கும்.
ஒரு நாள் விட்டு
ஐந்து டாலர் நோட்டை இடுக்கில் வைத்து மூடி
சுற்றிச்சுற்றி இழுத்துப்பார்த்தேன்.
கீலுக்குப் பக்கத்தில் மட்டும் வழுக்கியது.

சாம்பல் வாரும்போதுதான் அது கண்ணில் பட்டது.
உள்சட்டியில் விளிம்பிலிருந்து அடிவரை
ஒரு விரிசல்.
தட்டினால் மணிச்சத்தம் இல்லை, மரச்சத்தம்.
"அப்படியேகூடப் பத்து வருஷம் ஓடும்" என்றாள் ஹெய்டி.
"கம்பெனி இலவசமாய் மாற்றித்தரும், ஆனால்
முதலில் வாங்கியவருக்கு மட்டும்."

பில் மெர்ல் ஐஸ்னர் பெயரில்.

மங்க்டனில் மூன்றாம் மாடி.
பால்கனியில் கரி மூட்டத் தடையாம்.
எடுத்ததும், "கீல்பட்டை துருவேறியிருக்கா?" என்றான்.
சௌக்கியமா என்று அவனும் கேட்கவில்லை, நானும்.
கீழ்க்கதவின் தகடு உரசுகிறதா,
மேல்மூடியில் தார்போலப் பிசின் பிடித்திருக்கிறதா,
மழையில் அதைக் கழற்றிவைக்கிறாயா,
எந்தக் கரி?
நாற்பத்திரண்டு நிமிடம்.
வக்கீல் முன்னால்கூட நாங்கள்
இவ்வளவு நேரம் ஒரே விஷயத்தைப் பேசியதில்லை.
வைக்கும்முன்
நாய்க்கு ஒரு காது கேட்பதில்லை என்றான்.

ஆறு வாரம் கழித்து வந்தது பெட்டி,
என் முகவரிக்கு, அவன் பெயரில்.
"மிஸ்டர் ஐஸ்னர் இருக்காரா?" என்றான் கூரியர் பையன்.
குளிக்கிறார் என்று சொல்லிக்
கையெழுத்தைப் போட்டேன்.
அந்த நீள வால் வைத்த 'ஆர்' உட்பட
சரியாகவே விழுந்தது.

பழைய சட்டி தளத்து மூலையில்.
மண் நிரப்பி வெங்காயத்தாள் ஊன்றியிருக்கிறேன்,
விரிசல் வழியாகத் தண்ணீர் தானே வடிகிறது.
புதியது உள்ளே உட்கார்ந்துவிட்டது.
முதல் பெருந்தீக்குப் பிறகு உலோகம் தளரும்,
பட்டையின் திருகாணியை
இன்னும் அரைச்சுற்று இறுக்கு என்றிருந்தான்.

ஸ்பானரை எடுத்தேன்.
கால்சுற்றோடு நிறுத்தி
நோட்டை வைத்து இழுத்துப்பார்த்தேன்.
வரவில்லை.